உரையாடல் செயலியின் நினைவுக்கும் ஜமாபந்தி வேண்டும்

அண்மையில், ஐப்பசிக் கடைசி வாரத்தில், சித்தப்பாவைப் பார்க்கத் திருத்துறைப்பூண்டிக்குச் சென்றிருந்தேன். நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அவருக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. காவிரிப் படுகைக்கு வெளியே வாழ்பவர்களுக்காக ஒரு விளக்கம்: நூறு குழி ஒரு மா, ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். இந்தச் சிறு கணக்கு பின்னால் தேவைப்படும்.

சித்தப்பா எழுபதை நெருங்குகிறார். மகன் வாங்கிக் கொடுத்த திறன்பேசியில் ஓராண்டுக்கும் மேலாக ஓர் உரையாடல் செயலியோடு பேசிவருகிறார். தட்டச்சு செய்வதில்லை. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுவிட்டு, வரப்பில் நிற்கும் பக்கத்து வயல்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவார். இலைச்சுருட்டுப் புழு, யூரியா அளவு, பேரனின் கல்லூரிச் சேர்க்கை, முழங்கால் வலி எல்லாம் அந்தப் பேச்சில் உண்டு. சம்பாப் பயிருக்குக் காப்பீடு செய்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“இன்னும் நாள் கெடக்கு தம்பி. நவம்பர் கடைசி வரைக்கும் கட்டலாம்னு இதுவே சொல்லிடுச்சு” என்று கைபேசியைக் காட்டினார்.

ஊர்க் கூட்டுறவுச் சங்கச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பிலோ நவம்பர் 15 என்று இருந்தது. மூன்றே நாள். கைபேசியை வாங்கிப் பார்த்தேன். ‘நாம் ஏற்கெனவே பேசியபடி’ என்று தொடங்கி, நவம்பர் 30 என்று பணிவாகவும் உறுதியாகவும் பதில் வந்திருந்தது. அது கற்பனையாக எதையும் சொல்லிவிடவில்லை. முந்தைய ஆண்டு காலக்கெடு நீட்டிக்கப்பட்டபோது இதே கேள்வியை அவர் கேட்டிருக்கிறார். அன்று சரியாக இருந்த விடையைப் பழைய உரையாடல்களிலிருந்து தேடியெடுத்து, இந்த ஆண்டுக்கும் சேர்த்து வழங்கிவிட்டது. மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, பொதுச் சேவை மையத்தில் வரிசையில் நின்று, பதிவை முடித்தோம். காலக்கெடு பின்னர் நீட்டிக்கப்படலாம், நீட்டிக்கப்படாமலும் போகலாம். அதை நம்பிப் பயிரைக் காப்பில்லாமல் விட்டுவைக்க முடியாது. கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியது 2018 நவம்பர் 16 அதிகாலையில். இந்த வட்டாரத்தில் அந்தத் தேதியை யாரும் மறக்கவில்லை.

உரையாடல் செயலிகள் நம்மை ‘நினைவில் வைத்திருக்கின்றன’ என்று அவற்றை நடத்தும் நிறுவனங்கள் பெருமையோடு அறிவிக்கும் காலம் இது. ஆகவே, அந்த நினைவு எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது கணினித் துறையினரின் வேலை மட்டுமல்ல என்று அன்று தோன்றியது.

செயலிக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிக்கு நம்மைப் பற்றிய நினைவு என்று எதுவும் கிடையாது. நாம் ஒரு வரி பேசும் ஒவ்வொரு முறையும், அந்த உரையாடலில் அதுவரை பேசியதெல்லாம் மீண்டும் அதன் முன் வைக்கப்படுகிறது. அது எல்லாவற்றையும் படித்து, பதிலை எழுதிவிட்டு, நம்மை மறந்துவிடுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அன்றாடம் புதிதாக மாற்றலாகி வரும் எழுத்தர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோப்பைக் கையில் கொடுத்தால் படித்துவிட்டுத் தெளிவாகப் பேசுவார். கோப்பு வராவிட்டால் நீங்கள் யார் என்றே அவருக்குத் தெரியாது. எனவே, செயலியின் நினைவு என்பது அந்த எழுத்தரின் மேசைமீது எந்தக் கோப்பு வைக்கப்படுகிறது, அதைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்விதான்.

மேசைக்கும் அளவு உண்டு. மொழி மாதிரிகள் சொற்களைச் சொற்களாகப் படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துணுக்குகளாக உடைத்துப் படிக்கின்றன. ஒரு நேரத்தில் இத்தனை துணுக்குகள்தான் என்று வரம்பு இருக்கிறது. இதில் தமிழ் நெடுங்காலம் நட்டப்பட்டது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓப்பன்ஏஐ நிறுவனமே ஓர் ஒப்பீட்டைத் தந்தது. ஒரே சிறு பத்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துணுக்குகளாகவும் தமிழில் 116 துணுக்குகளாகவும் உடைந்தது. புதிய முறையில் ஆங்கிலத்தில் 24, தமிழில் 35. அதாவது, அதுவரை ஆங்கிலக்காரர் ஏறத்தாழ நான்கு தாள்களை விரித்துவைத்த இடத்தில் தமிழர் ஒரு தாளைத்தான் வைக்க முடிந்தது. இப்போது நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஆனாலும், மேசையைப் பெரிதாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் 2023இல் செய்த சோதனைகளில், நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை நன்றாகப் பயன்படுத்திய மாதிரிகள், நடுவில் இருந்ததைத் தவறவிட்டன. (நீண்ட மனுவின் நடுப்பத்தியை எந்த அலுவலகம்தான் படித்திருக்கிறது!)

மேசைக்கு அடங்காததை என்ன செய்வது? இரண்டு ஏற்பாடுகள் வந்துள்ளன. ஒன்று, பேச்சிலிருந்து ‘முக்கியம்’ என்று படுவதைச் சிறு குறிப்புகளாக எழுதிவைத்து, ஒவ்வோர் உரையாடலின் தொடக்கத்திலும் கோப்போடு சேர்த்துவிடுவது. மற்றொன்று, பழைய உரையாடல்களைக் கிடங்கில் போட்டுவைத்து, தேவைப்படும்போது தேடியெடுப்பது. சாட்ஜிபிடியில் குறிப்பெடுக்கும் வசதி 2024 பிப்ரவரியில் சோதனையாகத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்கள் அனைத்தையும் கருத்தில் கொள்ளும் வசதி வந்தது. கூகுளின் ஜெமினி, ஆந்த்ரோபிக்கின் கிளாட் ஆகியவையும் அதே 2025இல் பழைய உரையாடல்களைத் தேடத் தொடங்கின.

எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கி, 1966இல் கட்டுரையாக வெளியிட்ட எலைசா என்ற உரையாடல் நிரலிலேயே இதன் விதை இருந்தது. பேசுபவர் ‘என்னுடைய’ என்று எதையாவது சொன்னால் அந்த நிரல் அதை ஒதுக்கிவைத்துக்கொள்ளும். பிறகு பேச்சுக்குப் பொருள் கிடைக்காதபோது, முன்பு சொன்னதை எடுத்து நீட்டும். தன்னை யாரோ கவனமாகக் கேட்கிறார்கள் என்று மனிதர்கள் நம்புவதற்கு அந்தச் சிறு தந்திரமே போதுமாக இருந்தது. அந்த நம்பிக்கைதான் சித்தப்பாவிடமும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கச் சுவரைத் தினமும் கடந்துபோகும் மனிதர், அந்தச் சுவரைவிடத் ‘தன்னைத் தெரிந்த’ செயலியை நம்பினார்.

அன்றிரவு அவருடைய செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, அது எடுத்துவைத்திருந்த குறிப்புகளைப் பார்த்தேன். பேச்சு முழுவதும் தமிழில். குறிப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில். தன்னைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்கும் வாய்ப்பு சித்தப்பாவுக்கு முதல் வரியிலேயே அடைபட்டுவிட்டது. நான் தமிழில் படித்துச் சொன்னேன். ‘பயனரிடம் ஆறு மாமரங்கள் உள்ளன’ என்றது ஒரு குறிப்பு.

ஆறு மா நிலம், ஆறு மாமரமாகிவிட்டது! சித்தப்பா சிரித்தார். பிறகு சற்று யோசித்துவிட்டு, “அதானா, யூரியா கேட்டா மரத்துக்கு இவ்வளவுன்னு சொல்லுது” என்றார். மா என்பது நில அளவு, மரம், அரிசியை இடித்தால் கிடைப்பது ஆகிய மூன்றும் ஆகும் மொழியில், ஒலியிலிருந்து எழுத்துக்கும் எழுத்திலிருந்து ஆங்கிலக் குறிப்புக்கும் தாவும் வழியில் இப்படி நேர்வது வியப்பல்ல. தவறு ஒரு பதிலோடு நின்றிருந்தால் கேட்டவரே திருத்தியிருப்பார். அது குறிப்பேட்டில் ஏறிவிட்டதால், அதற்குப் பிறகான பதில்களில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துகொண்டிருந்தது.

இன்னொரு குறிப்பு, ‘பயனருக்குச் சர்க்கரை நோய் உண்டு’ என்றது. சர்க்கரை நோய் சித்திக்கு. ஒரே கைபேசியில் சித்தியின் மாத்திரை, பேரனின் கல்வி, சித்தப்பாவின் வயல் எல்லாம் பேசப்படுகின்றன. செயலியைப் பொறுத்தவரை ஒரு கைபேசி என்பது ஒரு மனிதர். கலிஃபோர்னியாவில் அது உண்மையாக இருக்கலாம். டெல்டா கிராமத்து வீட்டில் கைபேசி பெரும்பாலும் திண்ணையைப் போலப் பொதுச் சொத்து. இதில் ஆபத்தும் உண்டு. எங்கள் ஊரில் வயலிலிருந்து பேசுபவர் ‘மருந்து’ என்றால் பூச்சிக்கொல்லி. அடுக்களையிலிருந்து பேசுபவர் ‘மருந்து’ என்றால் மாத்திரை. இரண்டையும் ஒருவரின் நினைவாகக் கலந்து வைத்திருக்கும் ஏற்பாட்டை எப்படி அமைதியாக ஏற்றுக்கொள்வது?

பழையதைத் தேடும் முறையில் இருப்பது வேறு வகைச் சிக்கல். சொல்லைச் சொல்லாகவே தேடலாம். அப்படித் தேடினால் தமிழ் உடனே கையை விரிக்கிறது: ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’ கிடைக்காது, ‘வயல்’ என்று தேடினால் ‘வயலுக்கு’ கிடைக்காது. வேர்ச்சொல்லைப் பிரித்தறியும் இலக்கண அறிவைத் தேடுபொறிக்குக் கற்பித்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் ஒலிப்பதிவாகி எழுத்தானவை, ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆகியவற்றைக் கேட்கவே வேண்டாம்.

எனவே, பொருளைக் கொண்டு தேடும் முறை பெரிதும் பயன்படுகிறது. ஒவ்வொரு செய்தியும் நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றப்படுகிறது. பொருள் ஒத்த செய்திகளின் எண்வரிசைகள் அருகருகே அமையும்படி அந்த மாற்றம் பயிற்றுவிக்கப்பட்டிருக்கும். புதிய கேள்வி வந்ததும் அதன் எண்வரிசைக்கு மிக நெருக்கமான பழைய செய்திகள் எடுக்கப்பட்டு எழுத்தரின் மேசைக்கு வருகின்றன. இதனால் ‘புழு’ என்று கேட்டாலும், ‘பூச்சித் தாக்குதல்’ என்று முன்பு பேசியது கிடைத்துவிடும். அருமையான உத்திதான். ஆனால், இந்த நெருக்கம் பொருளின் நெருக்கம். காலம் அதில் இல்லை. ‘காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது?’ என்று சென்ற ஆண்டு கேட்டதும் இந்த ஆண்டு கேட்டதும் ஒரே வாக்கியம். இரண்டுக்கும் இடையே தொலைவே இல்லை. ஆகவே, கேள்வி எவ்வளவு அச்சாகப் பழையதைப் போல இருக்கிறதோ, அவ்வளவு உறுதியோடு பழைய விடை மேலே வரும். தேதியைத் தனியே பதிந்து, பழையதைப் பின்னுக்குத் தள்ளும்படி அமைத்தவர் செய்தால்தான் உண்டு.

காவிரிப் படுகையிலோ சென்ற ஆண்டு விடை இந்த ஆண்டுக்கு உதவுவது அரிது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூன் 12இல் திறக்க முடியாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். நாற்றங்கால் விடுவது முதல் தாளடியா, சம்பாவா என்ற முடிவு வரை அந்த நாளைப் பொறுத்தது. நெல் கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு என்பது விதி. மழை பெய்யும் ஆண்டுகளில் தளர்வு கேட்டுப் போராட்டம், மத்தியக் குழு வருகை, பிறகு ஓர் ஆணை. போன ஆண்டு தளர்த்தியதை இந்த ஆண்டும் தளர்த்திவிட்டதாக ஒரு செயலி சொன்னால், கொள்முதல் நிலைய வாசலில் குவியலோடு காத்திருக்கப்போவது செயலி அல்ல.

சொற்களும் இங்கே வழுக்குகின்றன. சம்பா ஒரு பருவம்; மாப்பிள்ளைச் சம்பா ஒரு நெல் ரகம். குறுவை ஒரு பருவம். கருங்குறுவை ஒரு நெல் ரகம். ‘கஜாவுக்கு மறு வருஷம் போட்டது’ என்று சொன்னால் உள்ளூரில் யாரும் ஆண்டைக் கேட்க மாட்டார்கள். கிடங்கில் தேடும் பொறிக்கு அது 2019 என்று விளங்க வேண்டும்.

திருத்துறைப்பூண்டியைச் சொல்லும்போது வேறொரு வகை நினைவையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்திலுள்ள ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டு ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். கஜா வந்துபோன மூன்றாம் வாரம், 2018 டிசம்பர் 6 அன்று, அவர் மறைந்தார். அவர் மீட்டெடுத்தவை 174 ரகங்கள் என்பார்கள். திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசமாகக் கிடைக்கும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையைக் குதிரில் பூட்டிவைத்தால் சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும். ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் வயலில் போட்டு, கலப்பு நீக்கி, சரிதானா என்று பார்த்துத் திருப்பிக் கொடுப்பதால்தான் அது உயிரோடு இருந்தது. செயலிகளின் கிடங்கில் இந்தக் கலப்பு நீக்கும் வேலையை யார் செய்வது?

நான் இத்தகைய செயலிகளுக்கு எதிரானவன் அல்லன். அவற்றுக்கு நினைவு இருக்கக் கூடாது என்பதும் என் வாதம் அல்ல. உதவி வேளாண் அலுவலர் மாற்றலாகிப் போனால், புதியவரிடம் மண்ணின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. 2004இல் தொடங்கிய கிசான் கால் சென்டருக்குத் தொலைபேசினால் மறுமுனையில் இருப்பவர் நன்றாகவே பதில் சொல்வார். ஆனால் போன வாரம் நீங்கள் எந்த மருந்தை அடித்தீர்கள் என்பதை அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். மண் பரிசோதனை முடிவையும், விதைத்த நாளையும், ஏற்கெனவே இட்ட உரத்தையும் சரியாக நினைவில் வைத்திருக்கும் ஒரு துணை, சிறு விவசாயிக்கு உண்மையிலேயே பெரிய உதவி. மத்திய வேளாண் அமைச்சகம் 2023 செப்டம்பரில் பிஎம்-கிசான் திட்டத்துக்காகத் தொடங்கிய ‘கிசான் இ-மித்ரா’ செயலி முதல் ஐந்து மொழிகளிலேயே தமிழுக்கும் இடம் தந்தது. இனி வரும் அரசுச் செயலிகள் விவசாயிகளை மேலும் நெருக்கமாக ‘அறிந்துகொள்ள’ முயலும் என்பதில் ஐயமில்லை. அதனால்தான் இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

அறிந்துகொண்டதை மறக்கச் செய்வதும் எளிதாக இல்லை. சாட்ஜிபிடியில் ஓர் உரையாடலை அழித்தால், அதிலிருந்து எடுத்துச் சேமித்த குறிப்பு தானாக அழிவதில்லை. குறிப்பைத் தனியே தேடி அழிக்க வேண்டும். நகைக்கடன் பற்றிப் பேசிவிட்டு, மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று உரையாடலை அழிக்கும் ஒரு தந்தைக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அழித்ததும் அழியாமல் இருந்த காலமும் உண்டு. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்தவை உட்பட உரையாடல் பதிவுகளைப் பாதுகாத்து வைக்கும்படி 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு ஆணையிட்டது. வழக்கமாக முப்பது நாள்களில் நீக்கப்பட வேண்டியவை, செப்டம்பர் இறுதியில் அந்தக் கடப்பாடு முடியும்வரை சேர்ந்துகொண்டே போயின. எங்கோ நடக்கும் வழக்குக்காக யாரோ ஒருவரின் கடன் கவலை சான்றாவணக் கிடங்கில் காத்திருந்தது.

இந்தியாவில் எண்ம வகைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவின் சுருக்கத்தைக் கேட்கவும், தவறைத் திருத்தவும், அழிக்கவும் சட்டம் உரிமை தருகிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றில் படிக்கவும் வழி செய்கிறது. நல்லது. ஆனால், ஒப்புதல் அறிவிப்பு தமிழில் இருந்து, எடுத்துவைக்கும் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால், திருத்தும் உரிமைக்கு என்ன பொருள்? நாம் சொன்ன தகவல் மட்டுமன்றி, நம் பேச்சிலிருந்து செயலி தானே ஊகித்து எழுதிக்கொண்ட ‘ஆறு மாமரம்’ போன்றவையும் நம் தனிநபர் தரவே என்பதுதான் சட்டத்தை வாசிக்கும்போது எனக்குப் படுகிறது. நிறுவனங்களும் அப்படியே வாசிக்கும் என்று நம்புவதற்கில்லை. மானியம், நலத்திட்டம் என்று வரும்போது அரசுக்குச் சட்டம் தரும் சலுகைகளோ இன்னும் விரிவானவை.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நிலத்தின் நினைவைக் காக்கும் ஏற்பாடு ஒன்று நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. எந்தப் புல எண்ணில், எத்தனை பரப்பில், என்ன பயிர் என்று பசலி ஆண்டுதோறும் அடங்கலில் எழுதப்படுகிறது. ஜூலை முதல் நாள் பிறக்கும் பசலியோடு பதிவும் புதிதாகத் தொடங்குகிறது. போன பசலியின் அடங்கலைக் கொண்டுவந்து இந்தப் பசலிக்குக் காப்பீடு செய்ய முடியாது. பசலி முடியும் தறுவாயில், மே, ஜூன் வாக்கில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளெல்லாம் மேசைக்கு வருகின்றன. யார் வேண்டுமானாலும் மனுவோடு வந்து ‘இது தவறு’ என்று சொல்லலாம். திருத்துறைப்பூண்டி வட்டத்தின் வயல்கள் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும், பிறகு நாகப்பட்டினத்திலும், 1997 முதல் திருவாரூரிலும் இருந்துவருகின்றன. ஒரே வயலுக்கு மூன்று மாவட்டப் பெயரில் காகிதங்கள் இருந்தும் கணக்கு ஓரளவு தப்பிப் பிழைத்திருப்பதற்கு, ஆண்டுக்கொரு முறை அதை வெளிச்சத்தில் விரிக்கும் இந்த வழக்கமும் ஒரு காரணம். ஜமாபந்தியின் குறைகளை நான் அறிவேன். மூன்று ஜமாபந்தி பார்த்தும் பட்டா மாறாத மனுக்களையும் அறிவேன். ஆனாலும், கணக்கைப் பார்க்கவும் மறுக்கவும் குடிமகனுக்கு இடமுண்டு என்ற கொள்கையாவது அதில் இருக்கிறது.

உரையாடல் செயலியிடம் நான் கேட்பது அந்த அளவுதான். பழைய உரையாடலிலிருந்து எடுத்துச் சொல்லும்போது, எந்த நாளில் பேசியது என்பதைப் பதிலிலேயே சொல்லட்டும். ‘நாம் பேசியபடி’ என்ற சொல்லுக்குப் பின்னால் தேதி ஒளிந்துகொள்ளக் கூடாது. காலக்கெடு, விலை, மானியம், மருந்தளவு போன்றவற்றில் பழைய விடையைத் தொடவே கூடாது; அன்றைய அறிவிப்பைப் பார்த்துச் சொல்லட்டும், முடியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும். எடுத்துவைக்கும் குறிப்பு பேசிய மொழியிலேயே இருக்கட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, ‘உங்களைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்கிறேன், சரிதானா?’ என்று தானாக வந்து கேட்கட்டும். தனியார் நிறுவனங்களை இதற்கு இணங்க வைக்கக் காலம் பிடிக்கும். ஆனால், பொதுப் பணத்தில் உருவாகும் வேளாண் செயலிகளின் ஒப்பந்தத்தில் இவற்றை நிபந்தனையாக எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாடு அரசு தன் செயலிகளில் முதலில் செய்து காட்டலாம்.

ஊர் திரும்பும் முன் குறிப்பைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நானே அழித்திருக்கலாம், சித்தப்பா விடவில்லை. தானே சொல்லித் திருத்துவதாகச் சொல்லிக் கைபேசியை வாங்கிக்கொண்டார். “இந்தா பாரு, எங்கிட்ட மாமரமெல்லாம் கெடயாது. கொல்லையில நின்ன ஒண்ணும் கஜாவுல சாஞ்சிபோச்சு. நான் சொன்னது நெலம், ஆறு மா நெலம், வெளங்குதா?” என்று நிதானமாகச் சொன்னார். புரிந்துகொண்டதாகவும் நினைவில் வைத்துக்கொள்வதாகவும் செயலி பதிலளித்தது. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். பழைய வரி போயிருந்தது. அந்த இடத்தில், மறுபடியும் ஆங்கிலத்தில், புதிதாக ஒன்று: ‘பயனரின் ஆறு மாமரங்கள் கஜா புயலில் அழிந்துவிட்டன.’